பள்ளம் விழாத தரை

தரையில் பள்ளம் இல்லை.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து கரியைத் துடைத்தாள். அடியில் டைல்ஸ் கீறல் கூட இல்லாமல் கிடந்தது.

"வீட்டுக்காரன் பட்டாசு மருந்து பதுக்கி வச்சிருந்தான்னு தெருவே பேசுது மேடம்," என்றார் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர். வாசல் என்று ஒன்று இப்போது இல்லை. நிலை மட்டும் நின்றது.

"மருந்து வெடிச்சா வச்ச எடத்துல குழி விழும் சார். இங்க சுவர் நாலும் வெளிய சாஞ்சு கெடக்கு. இது சமையல் கேஸ்."

தடய அறிவியல் துறையில் அவளுக்குப் பதினோரு வருடம். வெடித்த வீடுகள் அவளிடம் பொய் சொன்னதில்லை.

அடுப்பின் குமிழ்கள் இரண்டும் மூடியிருந்தன. சிலிண்டர் புதியது. அதன் வாய்க்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எரிந்து போயிருந்தது. வரும்போதே கிழிந்திருந்ததா, மாட்டியவர் கை சரியாக அழுத்தவில்லையா, இனி யாராலும் சொல்ல முடியாது.

இரவெல்லாம் கசிந்து, தரையோடு தரையாகப் பரவி, காத்திருந்திருக்கிறது.

செங்கல் குவியலுக்கு அடியில் சமையலறை சுவிட்ச் பலகை கிடைத்தது.

மூன்று சுவிட்ச் மேலே.

ஒன்று கீழே.

அவள் அதைப் படம் எடுத்தாள்.

கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயது தர்ஷிகா அங்கேயே இறந்துபோனாள். தாய் சண்முகவடிவு பெரியாஸ்பத்திரியில் இருந்தாள். அப்பா பிழைத்தது, அன்று நூல் மில்லில் இரவு ஷிஃப்ட் என்பதால்.

தீக்காய வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். பெயர் இருளப்பன். மூன்று நாளாக அந்த பெஞ்சில்தான். கதவைத் தாண்டி ஒரு தடவை கூட உள்ளே போகவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

"வேலைக்குக் கெளம்புற நேரத்துல கேஸ் தீந்துருச்சு. நான்தான் புதுசு மாட்டுனேன்," என்றான். "அவசரம். கசியுதான்னு சோப்புத் தண்ணி தொட்டுப் பாக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

"மேடம். அவ எந்திரிச்சதும் மொதல்ல லைட்டத்தான் போடுவா."

அவள் பேனாவை மூடினாள்.

"அத மட்டும் அவகிட்ட கேக்காதீங்க."

உள்ளே, கம்பி வளைவின் மேல் போர்த்திய துணிக்குக் கீழே வடிவு படுத்திருந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. முகத்தில் பாதிக்குக் களிம்பு. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. மகள் இறந்தது அவளுக்குத் தெரியும்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கெழம. புள்ளைக்குத் தலைக்கு ஊத்தணும்னு சீக்கிரமா எந்திரிச்சேன். எனக்குச் சளி. மூக்கு ரெண்டும் அடைச்சிருந்துச்சு. வாடையே தெரியல."

கண்களை மூடித் திறந்தாள்.

"லைட்டப் போட்டேன்."

"போதும்மா. அப்புறம் பேசலாம்."

"சிலிண்டரும் நான்தான் மாட்டுனேன். எழுதிக்கங்க."

"உங்க வீட்டுக்காரர் அவர் மாட்டினதா சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அவருக்கு என்ன தெரியும். மாட்டும்போது அவரு சட்ட போட்டுக்கிட்டு இருந்தாரு." அவள் பார்வை கட்டுப் போட்ட கைகளில் நின்றது. "மாட்டுனது, லைட்டப் போட்டது ரெண்டும் ஒரே கையா இருந்துட்டுப் போகட்டும் மேடம். நான்தான் பொசுங்கிட்டேன். அவராவது சோறு திங்கட்டும்."

அதிகாரி எழுதவில்லை.

கையெழுத்து வாங்கவும் வழியில்லை.

ஜன்னலோரம் நின்று படிவத்தை நிரப்பினாள். வெடிப்பின் வகை: எரிவாயு. பொறி: மின்விளக்கு சுவிட்ச். கசிவின் காரணம்: ரப்பர் வளையம் எரிந்துவிட்டதால் உறுதிசெய்ய இயலவில்லை.

மூன்றும் உண்மை. யாருடைய கை என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்பார். நீதிமன்றம் கேட்கும். மறுபடியும் மறுபடியும் இதையே சொல்ல வேண்டியிருக்கும்.

வெளியே வந்தாள். இருளப்பன் எழுந்து நின்றான்.

"அவ என்ன சொன்னா மேடம்?"

நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"உங்கள உள்ள வரச் சொன்னாங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றினான்.