கன்னத்தில் ஒரு பெயர்

"பூட்டுப் போட்ட படம் எப்படிலே வெளிய போச்சு?"

அழகர்சாமி போனில் கத்தினார். திண்டுக்கல்லில் முப்பது வருஷமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். அந்தப் பக்கம் இளஞ்செழியன். அவருக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவன்.

"அண்ணே, நம்ம சைட்ல ரைட் கிளிக் வேலை செய்யாது. படத்துக்குக் குறுக்க ஒங்க பேரு இருக்கு. கீழ செவப்பு எழுத்துல எச்சரிக்கையும் இருக்கு. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

"அப்புறம் எப்படி எடுத்தான்?"

"போன்ல ஸ்கிரீன்ஷாட் அடிச்சிருப்பாக. அதுக்கு மருந்து கெடையாதுண்ணே. நேத்து சின்னாளபட்டி போயிருந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல பூக்கடை. போர்டுல பெருசா அடிச்சு வச்சிருக்காக."

போனை வைத்தார். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். கோபம் செத்த நேரம் அடங்கியது. படம் அப்படி.

பூ மார்க்கெட். விடியப்போகிற நேரம். சிறுமலைப் பக்கமிருந்து இறங்கிய பனி, விளக்கு வெளிச்சத்தில் பால் மாதிரி நிற்கிறது. ஏலத்துக்குக் காத்திருந்த ஒருத்தி மல்லிகை மூட்டையில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். இடது இமை மேல் கடுகளவு மச்சம். உதட்டோரம் ஒட்டிய ஒற்றை இதழ், அவள் மூச்சுக்கு ஏறி இறங்குவது போலவே இருக்கும். பார்க்கிறவனுக்கும் கண் சொக்கும்.

அழகர்சாமி தூங்குகிறவர்களை மட்டும்தான் ஆசையாகப் படம் எடுப்பார். முழித்திருக்கிறவன் நடிப்பான் என்பது அவர் கட்சி.

சைட்டில் அப்படி நாற்பது பேர் தூங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே அவர் சொல்லி எழுத வைத்த சிவப்பு வரி: கேட்காமல் எடுப்பது திருட்டு.

அடுத்த வாரம் மதுரையில் கண்காட்சி. வாசலில் மாட்டப்போவது இந்தப் படம்தான். பூக்கடை போர்டைப் பார்த்துக் காப்பியடித்தான் கிழவன் என்று எவனாவது சொல்லிவிட்டால்? முப்பது வருஷப் பேர் போச்சு.

சின்னாளபட்டி பஸ் ஏறினார்.

'சொர்ணம் பூக்கடை.' எழுத்துக்குப் பக்கத்தில் அவர் படம். அதே பனி. அதே உறக்கம்.

கீழே கடைக்காரி சொர்ணலட்சுமி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கண் ரெண்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"வாங்கய்யா. மல்லியா, பிச்சியா?"

"பூ வேணாம். அந்தப் படம் யாருது?"

"போர்டு என்னுது."

"படம் என்னுது. நான்தான் அழகர்சாமி."

"அட, கன்னத்துல இருந்த அழகர்சாமி நீங்கதானா?"

"அந்தப் பேர் இப்ப எங்க?"

பேர் இருந்த இடத்தில் கனகாம்பரச் சரம் ஒன்றை வரைந்திருந்தார்கள்.

"மறைச்சுட்டோம். பொம்பளக் கன்னத்துல யாரோ ஒரு ஆம்பளப் பேரு. நல்லாவாய்யா இருக்கு? அவ வீட்டுக்காரன் பாத்தா என்ன நெனப்பான்?"

"திருடாம இருக்கப் போட்டதும்மா அது!"

"யாரு திருடாம?"

"உன்ன மாதிரி ஆளுக."

பூ வாங்க வந்தவள் நின்றாள். "என்னக்கா, சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லடி. என்னையத் திருடிங்கிறாரு. நீ எத்தன மொழம்?"

முழம் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒங்க சைட்டப் பாத்தேன்யா. கீழ செவப்பா எழுதியிருந்ததையும் படிச்சேன்."

"படிச்சுமா எடுத்த?"

"படிச்சதுனாலதான் எடுத்தேன். நீங்க யாரைக் கேட்டு எடுத்தீக?"

"அவ தூங்கிட்டிருந்தா. எழுப்பினா படம் கெட்டுப்போகும்."

"முழிச்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள வெளிச்சம் போயிரும். அடுத்த ஆளத் தேடிப் போயிட்டேன்."

அவள் கை நின்றது. போர்டை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆனாலும் சொல்லக் கூடாதுய்யா, படம் நல்லா இருக்கு. அம்புட்டு நிம்மதி. அந்த மூஞ்சியில இப்படி ஒரு நிம்மதி இருக்கும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

"பேச்ச மாத்தாத. போர்டக் கழட்டுறியா, ஸ்டேஷனுக்குப் போகவா?"

"தாராளமாப் போங்க. அவளையும் சாட்சிக்குக் கூப்பிடுவோம். பாத்தா அடையாளம் தெரியுமா?"

"எனக்கா?" அழகர்சாமிக்கு மூக்கு விடைத்தது. "மூணு வருஷமா தெனமும் பாக்குற மொகம்மா அது. ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் கண்டுபிடிச்சிருவேன்."

"அம்புட்டு நல்லாத் தெரியும்?"

"தெரியும்."

சொர்ணலட்சுமி நாரைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்த மல்லிகை மூட்டை மேல் மெல்லத் தலையைச் சாய்த்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடையை ஒட்டிப் போனது. அது எங்கோ சிறுமலைக்கு அந்தப் பக்கம் போவது மாதிரி இருந்தது அழகர்சாமிக்கு.

அவள் கண்ணை மூடினாள்.

இடது இமை மேல் கடுகளவு மச்சம்.