ஒரு ஆள் இடைவெளி

பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து பிரித்த கொழுப்பைத் தண்ணீரில் விட்டால், ஒவ்வொரு மூலக்கூறும் தண்ணீருக்கு ஆகாத தன் வாலை ஒளிக்கத் துணை தேடும். எல்லாம் சேர்ந்து குமிழாக மூடிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் அதை வேடிக்கை பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். தங்கை செண்பகம் செத்த அன்று பெண்கள் தோள்களைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். ஆண்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் பந்தல்காரரிடம் விளக்குக்கு ஒயர் எட்டுமா என்று மறுபடியும் மறுபடியும் விசாரித்துக்கொண்டிருந்தேன். வட்டத்திலிருந்து செண்பகத்தின் மகள் பூவிழி நிமிர்ந்தாள். “மாமா, உங்களுக்கு அழுகையே வராதா?” “எங்க உக்காந்து அழுறது தாயி?” பூவிழி பக்கத்திலிருந்தவளின் தோளிலிருந்து கையை எடுத்தாள். வட்டத்தில் ஓர் ஆள் அளவு இடைவெளி விழுந்தது. திறந்த குமிழ் சீக்கிரம் மூடிக்கொள்ளும். அவசரமாகச் செருப்பைக் கழற்றினேன்.