மூன்று மணிக்கு வருவார்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், எட்டு வாரக் கோடைக்கால ஜப்பானிய உயர்நிலை வகுப்பின் இறுதி வாய்மொழித் தேர்வுக்காக, வகுப்பிலேயே மூத்த மாணவனாகிய ஐம்பத்தொன்பது வயது அடியேன், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஆசிரியைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

மேசைமேல் வயர் இல்லாத ஒரு பழைய டெலிபோன். நடிப்பதற்கு.

முதல் நாள் அறிமுகத்தில் வகுப்பே முழங்கியது. ஒருவன் இரு நாடுகளுக்கும் பாலமாகப் போகிறானாம். ஒருத்தி உலக அமைதிக்காகப் படிக்கிறாளாம். நான், ஆறு வயதுப் பேத்தியோடு போனில் பேச வேண்டும் என்றேன். பாலத்துக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

எனக்கு அந்த மொழி படிக்க வரும். இருபத்தாறு வருடம் ஜப்பானிய இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்தவன். பேச்சுதான் வராது என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஜப்பான்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட மகள்தான் பேத்திக்கும் எனக்கும் நடுவில் துபாஷி.

"அப்பா, உங்க ஜப்பானீஸ வெச்சு வாஷிங் மெஷின்கிட்டதான் பேச முடியும்" என்பாள்.

நடிக்க வேண்டிய காட்சி எழுதிய சீட்டு ஒன்றை எடுத்தேன். அலுவலகத்தில் இருக்கிறீர்கள். கூட வேலை செய்யும் ஒருவரைக் கேட்டு வாடிக்கையாளர் அழைக்கிறார். அவர் இடத்தில் இல்லை.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போனில் பேசும்போதும் மரியாதைக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்பதுவரை பழகியாயிற்று. குனிவதை யார் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லித்தரவில்லை.

ஆசிரியை தன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் இருக்கிறாரா என்று கேட்டார்.

இல்லை, மன்னிக்க வேண்டும் என்றேன், மூன்று அடுக்கு மரியாதையோடு.

எப்போது திரும்பி வருவார் என்று கேட்டார்.

பாடப்புத்தகத்தில் பதில் அச்சாகியே இருக்கிறது. மூன்று மணிக்கு வருவார். அவ்வளவுதான்.

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிழவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஆசிரியை அதையே இன்னொரு முறை, மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களாக, குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

வினை அங்கேதான் வந்தது.

இனிமேல் வரமாட்டாள் என்றேன். மூன்று அடுக்கும் சரிந்து, ஆறு வயதுக்குப் புரிகிற பேச்சு மட்டும் வாயில் மிஞ்சியிருந்தது. ரொம்ப உடம்பு சரியில்லாமல் இருந்தது, தாத்தா பக்கத்திலேயேதான் இருந்தேன் என்றும் சொன்னேன்.

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மதிப்பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துச் சமாளித்தார்.

"மூணு மணிக்கு வருவார்னு சொன்னாப் போதும் சார். யாரும் நிஜமா வந்து நிக்கப்போறதில்ல."

தெரியும் என்று தலையாட்டினேன்.

மகள் வைத்தியத்துக்கென்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளைக்குக் குழந்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மா தாத்தா வீட்டில் இருக்கிறாள் என்றே இன்னும் சொல்லிவைத்திருக்கிறார்.

நான் இந்த வகுப்புக்கு வருமுன், ஞாயிறு தவறாமல் பேத்தி என்னைக் கூப்பிடுவாள். ஏதோ கேட்பாள். நான் 'ஹை, ஹை' என்பேன், ஆமாம் ஆமாம் என்று. அவளும் சந்தோஷமாக வைத்துவிடுவாள்.

குழந்தை என்னதான் கேட்கிறாள் என்று மனைவி கேட்டாள். வேகமாகப் பேசுகிறாள், பிடிபடவில்லை, முறையாகப் படித்துவிட்டு வந்து நானே பதில் சொல்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தங்கிப் படிக்கும் எட்டு வாரமும் வீட்டோடு பேசக் கூடாது என்பது விண்ணப்பத்தின் முதல் விதி. அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நாளை மறுநாள் ஞாயிறு.

பேத்தி கேட்டது எனக்கு முதல் ஞாயிறே புரிந்துவிட்டது.