எடை குறைப்பு

எட்வின் தன் பழைய இத்தாலி ரேஸ் பைக்கை ஷெட்டில் மறுபடியும் பிரித்து மாட்டினார். கடைசியில் ஒரு போல்ட் மிஞ்சியது. அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டார். உள்ளே முன்பு இப்படி மிஞ்சியவற்றின் ஒரு கூட்டமே இருந்தது.

"என்னை மறந்துட்டாரே!" என்று போல்ட் அழுதது.

"மறக்கலப்பா. சார் பாஷையில இதுக்குப் பேரு எடை குறைப்பு," என்றது ஒரு துருப்பிடித்த நட்டு. "நீ எந்த இடம்?"

"முன் சக்கரம்."

நட்டு மெல்ல டப்பா விளிம்பு வழியே வெளியே எட்டிப் பார்த்தது.

வெளியே எட்வின் தன் மனைவியிடம், "வண்டி இப்ப சும்மா பறக்கும் பாரு!" என்று சொல்லிவிட்டு வண்டியை உறுமவிட்டுக் கிளம்பினார்.

சற்று நேரத்தில் முன் சக்கரம் மட்டும் ஷெட்டுக்குள் உருண்டு வந்தது.

"சார் எங்கே?" என்று பதறியது போல்ட்.

"வண்டியை இழுத்துக்கிட்டு வர்றார். இன்னும் கனமாத்தான் இருக்குதாம்," என்றது சக்கரம்.

டப்பாவில் எல்லாம் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, அடுத்து வரப்போகிறவற்றுக்கு இடம் விட்டன.