காலர் லேபிளில் யார்?

"சாயப்பட்டறை, கட்டிங், பட்டன், நடுவுல மாடலிங் வேற. ஒரு எடத்துலயும் நிக்கலையே அம்மிணி?" நேர்முகத் தேர்வில் பனியன் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து சலித்துக்கொண்டார்.

"கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போனேனுங்க," என்றாள் பூங்கோதை.

அப்போதெல்லாம் காலர் லேபிளில் போனைக் காட்டினால், அந்தச் சட்டையில் கைவைத்த தொழிலாளிகளின் முகங்கள் தெரியும். பூங்கோதை எழுந்துபோய், எதிரே நாச்சிமுத்துவையும் சேர்த்துத் தேர்வு நடத்திய மூவரின் லேபிளிலும் காட்டினாள். முதல் சட்டைக்குச் சாயம் போட்டவள் நீலக் கைகளோடு சிரித்தாள். அடுத்ததை வெட்டியவள் காதில் பென்சில் செருகியிருந்தாள். நாச்சிமுத்துவின் சட்டைக்குப் பட்டன் வைத்தவள் கொட்டாவி விட்டாள். மூன்று முகமும் பூங்கோதைதான்.

"ஒரே எடத்துல நின்னிருந்தா ஒருத்தர் சட்டையிலதானுங்க இருந்திருப்பேன்."

நாச்சிமுத்து தன் பட்டனைத் தடவிப் பார்த்தார். பிறகு, என்ன வேலை என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டு, நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.