சில்லென்ற எஃகு

ஆகஸ்ட் 9, வியாழன். சோதனைக்கான எஃகுத் தண்டைத் தட்டிலிருந்து தானே எடுக்காமல், இயந்திரத்தை ஓட்டும் வாரிக் நீட்டியதைத் தரம் சோதிக்கும் டீகன் வாங்கியது சின்னத் தவறுதான்.

எஃகைச் சூடாக்கி இறுக்கும் டான்டினாங் பட்டறையில், செம்புச் சுருளுக்குள் அடுத்த தண்டு நிற்கிறது. மின்சாரம் உறுமியதும், தீயே இல்லாமல், அதன் மேல்தோல் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கனல்கிறது. தண்ணீர் சீறி அடிக்க, எழுந்த ஆவி கூரை விளக்கை மறைக்கிறது. டீகன் தன் கையிலுள்ள தண்டை அரத்தால் தேய்க்கிறாள். அரம் கடிக்காமல் வழுக்குகிறது, நன்றாகவே இறுகியிருக்கிறது. ஆனால் எஃகு சில்லென்றிருக்கிறது. சுருளிலிருந்து வந்த தண்டு, தண்ணீர் பட்ட பிறகும் சற்று நேரம் வெதுவெதுப்பாக இருக்கும்.

“இது இப்ப எடுத்ததா, வாரிக்?”

“பின்ன, என் சாப்பாட்டு டப்பாவுலேர்ந்தா? கையெழுத்தப் போடு கண்ணு, லாரி நிக்குது.”

பள்ளிப் பேருந்துகளின் ஸ்டீயரிங்கிற்குப் போகும் தண்டுகள் இவை. அவள் கை தட்டை நோக்கி நீள, வாரிக் தன் கையுறையைக் கழற்றி, அவளைத் தடுப்பதுபோல் தண்டுகளின் மேல் வைக்கிறான். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

“லாரி நிக்கட்டும்” என்று பேனாவை மூடியவள், தட்டைச் சோதனை அறைக்குள் இழுத்துப் பூட்டுகிறாள்.

நாளை காலை முதல் வேலை: தட்டிலுள்ள தண்டுகள் ஒவ்வொன்றும் இறுகியிருக்கிறதா என்று அரத்தால் தேய்த்துப் பார்ப்பது.