மணி அடித்தால்தான் வாய் திறப்பார்

உலகப் பெருமக்களின் மேலான கவனத்திற்கு: ஹெவிவெயிட் குத்துச்சண்டை மன்னர் ஒன்பதாவது சுற்றை முடித்துத் தம் மூலையில் அமர்ந்திருக்கிறார்.

“கோச், நான் ஜெயிக்கிறேனா?”

“பின்னே? அவன் தன் மூக்கு எங்கே இருக்குன்னு தேடிட்டிருக்கான். வாயைத் திற, சாம்பியன்.”

“என் பொண்ணு வந்திருக்காளா? சண்டைக்குப் போகாதேன்னு அழுதாளே.”

“வந்திருக்கா. முன்வரிசையிலதான் இருக்கா.”

“இன்னும் அழறாளா?”

“இல்ல. வாயைத் திற.”

திறந்தார். ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போனது. சுற்று முடிந்த மணி கேட்டால்தான் அவர் வாய் திறப்பார். அதனால் தட்டில் கரண்டியால் தட்டிவிட்டு ஊட்டுவது அந்த வீட்டு வழக்கம்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

அந்தப் போட்டியின் பத்தாவது சுற்றில் அவர் தலையில் அடிபட்டு விழுந்து பதினாறு வருஷமாகிறது.